கண்டியின் கட்டட விதிகள்: காற்றும் ஒளியும் யாருக்கு?

ஒரு நாட்டின் சமுதாய வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் அரசர் பட்டியலைப் புரட்டுவதைக் காட்டிலும், அந்நாட்டில் யார் எத்தகைய வீட்டைக் கட்டலாம், யார் கட்டலாகாது என்று விதித்த சட்டங்களைப் படிப்பது பெரும் பயன்தரும். சுவரும் கூரையும் பொய் சொல்வதில்லை. எந்தக் காலத்தில் எந்த வர்க்கத்தார் எதற்கு அஞ்சினர் என்பதை அவை மறைவின்றிக் காட்டிவிடுகின்றன.

பெருங் கட்டடங்கள் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்னும் விதி இன்று நம் நாட்டில் உண்டு. அது பொறியியலாளரின் விவகாரம் என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணி ஒதுங்கிவிடுகிறோம். தமிழ் இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனாகிய நானும் அவ்வாறே ஒதுங்கியிருந்தேன். 2022-ஆம் ஆண்டு மின்வெட்டு என்னை அவ்வாறு இருக்கவிடவில்லை.

அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். கண்டியை அடுத்த மலைச்சரிவில் உள்ளதொரு பாடசாலையில் நான் அப்போது பணியாற்றிக்கொண்டிருந்தேன். அங்கே நான்கு மாடிக் கட்டடம் ஒன்று புதிதாக எழும்பியிருந்தது. அதன் மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. திறக்க முடியாத கண்ணாடி. மின்சாரம் நின்ற கால்மணி நேரத்தில் குளிரூட்டியும் விசிறியும் ஓய்ந்தன; பிற்பகல் வெயில் கண்ணாடிவழியே உள்ளே வந்து வெளியேற வழியின்றித் தங்கிவிட்டது. இரண்டு மாணவிகள் மயங்கிச் சரிந்தனர். பிள்ளைகளைக் கீழே அழைத்துவந்து, இடித்துவிடலாம் என்று அபிவிருத்திச் சங்கம் தீர்மானம் நிறைவேற்றியிருந்த பழைய மண்டபத்தில் அமர்த்தினோம். ஓட்டுக்கூரை, இடுப்பளவுச் சுவர், இரண்டு பக்கமும் அகன்ற விறாந்தை. அங்கே விளக்கும் வேண்டியிருக்கவில்லை, விசிறியும் வேண்டியிருக்கவில்லை. அன்றைய பாடம் நெடுநல்வாடை. அரண்மனைக்கு நிலம் வகுக்கும் சிற்பிகள் கோல் நட்டு, நடுப்பகல் நிழலைப் பார்த்து, திசை தெரிந்து கயிறிட்ட செய்தி அதில் வருகிறது. ஞாயிறு எப்பக்கம் சாய்கிறது என்று பாராமல் சங்ககாலத்துச் சிற்பி சுவர் எழுப்பவில்லை. "அப்படியானால் எங்கள் புதுக் கட்டடத்தைக் கட்டினவர்கள் ஏன் பார்க்கவில்லை, சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். விடை தேடிப் புறப்பட்ட நான் கண்டியின் வரலாற்றுக்குள் போய்ச் சேர்ந்தேன்.

கண்டிச் சீமையின் கட்டட விதிகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று இராபர்ட்டு நாக்சு என்னும் ஆங்கிலக் கைதியின் நூல். 1660-ஆம் ஆண்டில் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் இந்நாட்டுக் கிராமங்களில் வாழ்ந்து, தப்பியோடி, 1681-இல் அவர் தம் அனுபவங்களை வெளியிட்டார். குடிமக்கள் ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டலாகாது, ஓடு வேயலாகாது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசலாகாது என்பது அக்காலத்து நடைமுறை என்று அவர் எழுதுகிறார். உயரமும் ஓடும் வெண்மையும் அரசனுக்கும் ஆலயத்துக்கும் அவன் அருள்பெற்றோருக்கும் உரியவை. நிலப்பிரபுத்துவம் தன் ஏணிப்படிகளைக் கூரையின் மீது எழுதி வைத்திருந்தது என்று சொல்லலாம். அந்த விதி அஞ்சியது ஒன்றுக்கே: தாழ்ந்தவன் உயர்ந்துவிடுவானோ என்பதற்கு.

ஆயினும் அந்த அரசகுலம் தனக்கென எழுப்பிய பெருங் கட்டடம் எத்தகையது என்பதையும் நாம் நேர்மையோடு நோக்க வேண்டும். தலதா மாளிகையின் அயலில் நிற்கும் அரசவை மண்டபம், சிங்களத்தில் மகுல் மடுவ எனப்படுவது, இராசாதி இராசசிங்கன் காலத்தில் 1783-இல் தொடங்கப்பெற்றது. செதுக்கிய மரத்தூண்கள் கூரையைத் தாங்குகின்றன, சுவர் கிடையாது. கண்டியோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ள ஊர். ஆண்டுச் சராசரி வெப்பம் 25 பாகை செல்சியசை ஒட்டியது. மழையையும் வெயிலையும் தடுத்தால் போதும், காற்று தன் வேலையைத் தானே செய்யும் என்று அக்காலத் தச்சன் அறிந்திருந்தான். 1815 மார்ச்சு 2-ஆம் நாள் கண்டி இராச்சியம் ஆங்கிலேயன் கையில் ஒப்படைக்கப்பட்டதும் இதே தூண்களுக்கிடையில்தான். ஆட்சி கைமாறிய அந்நாளில் தச்சனின் அறிவை எவரும் உடன்படிக்கையில் எழுதவில்லை.

அடுத்த பெரிய விதி ஒரு நூற்றாண்டு கழித்து வந்தது. 1914-ஆம் ஆண்டில் கொழும்பில் கொள்ளைநோய் தலைகாட்டியது. நெருக்கமான தெருக்களில், காற்றும் ஒளியும் புகாத அறைகளில் ஏழைகள் மாண்டனர். நோய் எலிவழியே ஏழையின் குடிசையிலிருந்து செல்வனின் மாளிகைக்கும் ஏறிவரக் கூடும் என்று ஆட்சியாளர் உணர்ந்தபோதுதான் அவர்கள் நெஞ்சில் அச்சம் தட்டியது. 1915-ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகரத் திருத்தக் கட்டளைச் சட்டம் பிறந்த சூழ்நிலை இது. நகரத்தில் கட்டடம் எழுப்புவோர் முதலில் வரைபடம் காட்டி அனுமதி பெறவேண்டும். அறைக்கு யன்னல் வேண்டும். மனையின் பின்புறம் திறந்த வெளி விடவேண்டும். கட்டி முடிந்தபின் விதிப்படி கட்டப்பட்டது என்ற சான்றிதழ் பெற்ற பிறகே குடிபுக வேண்டும் என்றெல்லாம் அது வகுத்தது. கொழும்பைப் போலவே 1865 முதல் மாநகர சபையைக் கொண்டிருந்த கண்டிக்கும் இது பொருந்தியது. இன்று நாம் மாநகர சபை வாசலில் வரைபடச் சுருளோடு காத்து நிற்கும் வழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது. குடியேற்ற ஆட்சி செய்தது என்பதற்காக இதைப் பழித்துவிட முடியாது. நல்ல சட்டம்தான்.

ஆனால் அச்சட்டம் நகர எல்லையோடு நின்றுவிட்டது. கண்டி வாவியின் கரையில் நின்று தெற்கே நிமிர்ந்து பார்த்தால் அந்தானை மலை தெரியும். அந்த மலையில் தேயிலை, தேயிலைக்குள் லயன்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று நம் பாட்டன்மார் மனப்பாடமாகச் சொல்லும் காம்பரா. அதற்குள் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயனில் பின்பக்க யன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை, பின்பக்கம் அடுத்தவன் அடுப்பல்லவா! அடுப்புப் புகை கதவு வழியே வெளியேறினால் உண்டு. இல்லாவிட்டால் குழந்தையின் நெஞ்சில் தங்கும். நகரத்தாருக்குக் காற்றும் ஒளியும் சட்டப்படி உரிமையாக, மூன்று மைல் தள்ளி மலைமேல் இருந்தவர்களுக்கு அவை துரையின் தயவாக இருந்தன.

அதே மலையில் அதே துரைமார் எழுப்பிய தேயிலைத் தொழிற்சாலையை ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்தானையின் பழைய தொழிற்சாலை 2001 முதல் தேயிலை அரும்பொருளகமாக இருக்கிறது. உள்ளே சென்று காணலாம். மாடிக்கு மேல் மாடி. ஒவ்வொரு மாடியிலும் சுவரே தெரியாதபடி வரிசை வரிசையாக யன்னல். பறித்த கொழுந்து சீராக வாட வேண்டுமானால் இருபுறமும் காற்றோட்டம் வேண்டும். வெப்பமும் ஈரமும் அளவோடு இருக்க வேண்டும். அதற்காகக் கட்டடம் நிற்கும் திசை, காற்று வரும் வழி, யன்னலின் உயரம் யாவும் கணக்கிட்டுச் செய்யப்பட்டன. கட்டடக் காற்றோட்டக் கலையை வெள்ளைத் துரை அறியாதவன் என்று எவரும் சொல்லிவிட முடியாது. கொழுந்துக்குக் கிடைத்த காற்று கொழுந்து பறித்தவளுக்குக் கிடைக்கவில்லை. கொழுந்து வாடிய முறைகெட்டால் இலண்டன் ஏலத்தில் விலை குறையும், அவள் வாடினால் கணக்கில் குறைவதொன்றுமில்லை.

இந்த நூற்றாண்டுகளுக்கு இடையே நம்பிக்கை தந்த காலமும் ஒன்று உண்டு. நாடு விடுதலையை நெருங்கிய ஆண்டுகளில், பேராதனையில் பல்கலைக்கழகம் அமைக்கும் பணி தொடங்கிற்று. பேட்ரிக் அபர்குரொம்பி, கிளிபர்டு ஒலிடே என்ற ஆங்கில அறிஞர்கள் நிலத்திட்டம் வகுத்தனர். கட்டடங்களை வடிவமைக்கும் பொறுப்பைச் சேர்லி த அல்விசு என்ற நம் நாட்டுக் கலைஞர் ஏற்றார். 1952-இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து அங்குக் குடியேறியது. அங்கே தமிழ் பயின்ற ஆண்டுகளில் திறந்த நடைகளின் வழியே மழைநாளிலும் நனையாமல் வகுப்புக்கு வகுப்பு நடந்திருக்கிறேன். அகன்று தாழ்ந்த கூரைகளும் உள்முற்றங்களும், யாழ்ப்பாணத்து நண்பர்களுக்குத் தங்கள் ஊர் நாற்சார் வீட்டை நினைவூட்டின. அப்போது அதை அழகு என்று மட்டுமே எண்ணினோம். அது ஒரு கணக்கு என்பது பின்னர்தான் விளங்கிற்று.

கண்டியிலேயே பிறந்த மின்னெற்று த சில்வா அம்மையாரையும் இங்கே குறிப்பிடாமல் இருக்கலாகாது. அரசியல்வாதியான ஜோர்ஜ் ஈ. த சில்வாவின் மகள். 1948-இல் பிரித்தானிய அரச கட்டடக்கலை நிறுவனத்தின் இணையுறுப்பினரான முதல் ஆசியப் பெண். 1949 முதல் 1951 வரை கண்டி மலைச்சரிவில் அவர் கட்டிய கருணாரத்தின இல்லத்தில் சீமெந்தும் கண்ணாடியும் உள்ளன. உள்முற்றமும் ஊர்த் தச்சரின் கைவேலையும் உள்ளன. 1958 அளவில் வட்டப்புலுவ வீடமைப்புத் திட்டத்தை வகுத்தபோது, குடியேறப்போகும் அரசாங்க ஊழியர்களிடமே அவர்களுக்கு எத்தகைய வீடு வேண்டும் என்று கேட்டு, அதன்படி வடிவம் கண்டார். பல இனத்தாரும் சேர்ந்து குடியேறிய திட்டம் அது. புதுமை என்பது மேற்றிசைக் கண்ணாடிப் பெட்டியைப் பெயர்த்துக்கொண்டு வருவதன்று என்று அவர் கட்டியே காட்டினார். அவர் 1998-இல் கண்டியிலேயே மறைந்தார். அவர் வழியைக் கண்டி பின்பற்றவில்லை.

ஏன் பின்பற்றவில்லை? மின்சாரம் மலிந்துவிட்டது என்பதே விடை. மலிவாகக் கிடைத்தவர்களுக்கு மலிவு. அந்த மலிவின் கதையையும் பார்த்துவிடுவோம்.

மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918-இல் கட்டுரை வாசித்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1950-இல் இலட்சபானை நிலையம் 25 மெகாவாட் ஆற்றலோடு இயங்கத் தொடங்கிற்று. தேயிலைத் தோட்டங்களின் நடுவே தோன்றிய அந்த மின்சாரம் லயன்களின் தலைக்கு மேலே கம்பிவழியே கொழும்புக்குப் போயிற்று. கம்பிக்குக் கீழே பல பத்தாண்டுகள் குப்பி விளக்கே எரிந்தது. பிறகு மகாவலி. 1976-இல் பொல்கொல்லையில் ஆறு மறிக்கப்பட்டது. 1985-இல் கண்டிக்குக் கிழக்கே விக்டோரியா அணை 210 மெகாவாட் நிலையத்தோடு திறக்கப்பட்டது. தெல்தெனியா என்ற பழைய பட்டணம் கடைத்தெருவும் கோயிலுமாக நீருக்குள் இறங்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வயலும் வீடும் இழந்து வேற்றிடம் பெயர்ந்தன. கடும் வறட்சி நேர்ந்து நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில் அந்தப் பட்டணத்தின் இடிந்த சுவர்கள் சேற்றுக்கு மேலே எழுந்து நிற்கும். வேடிக்கை பார்க்க மக்கள் வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். எனக்கு அது மின்மானி வாசிப்பதைப் போலத் தோன்றும்.

1996-இல் மழை பொய்த்தது, நாடு இருண்டது. 2001, 2002 ஆண்டுகளிலும் அவ்வாறே. ஆற்றை நம்பியிருந்த நாடு எண்ணெய்க்கும், 2011 முதல் நுரைச்சோலையில் நிலக்கரிக்கும் திரும்பியது. இரண்டும் டொலர் கொடுத்து வாங்கவேண்டியவை. டொலர் தீர்ந்த ஆண்டு 2022. மின்கட்டணம் அவ்வாண்டு ஆகத்தில் சராசரி 75 விழுக்காடும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 விழுக்காடும் உயர்த்தப்பட்டது. 2022 உயர்வில் மாதம் முப்பது அலகுக்குள் செலவிடும் குடிசைக்காரனுக்கே விழுக்காட்டளவில் மிகக் கூடிய சுமை விழுந்தது.

மூன்றாவது விதி பிறந்தது இந்த இருளின் அச்சத்தில். 1996 இருளுக்குப் பின், 2000-ஆம் ஆண்டில், இலங்கை மின்சார சபை ஆற்றல் சிக்கனக் கட்டடங்களுக்கான கோவை ஒன்றை வெளியிட்டது. விரும்பியோர் பின்பற்றலாம் என்பது அதன் நிலை. விரும்பியோர் மிகச் சிலர். 2007-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெறுதகு வலு அதிகாரசபை தோன்றியது. 2008-இல் கோவை திருத்தப்பட்டது. 2020-இன் பெயரால் மற்றொரு திருத்தமும் வந்துள்ளது. 2008-ஆம் ஆண்டுக் கோவையின்படி, நான்கு மாடியோ அதற்கு மேலோ உள்ளவை, 500 சதுர மீற்றருக்குக் குறையாத தளப்பரப்பு உடையவை, 100 கிலோவோல்ட் அம்பியர் மின்தேவை உடையவை, 350 கிலோவாட் குளிரூட்டும் திறன் பொருத்தியவை ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு வகையில் அடங்கும் பெருங் கட்டடம் விதிக்கு உட்படும். சுவர், கூரை, கண்ணாடி வழியே எவ்வளவு வெப்பம் புகலாம், ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை வாட் விளக்கு எரியலாம், குளிரூட்டியின் திறன் எவ்வளவு இருக்க வேண்டும், வெந்நீருக்கும் மின்வழிக்கும் எத்தகைய ஏற்பாடு என்பனவற்றை அது வரையறுக்கிறது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் புகுந்த வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவே. ஓட்டைப் படகில் நீரை இறைப்பது போன்ற வேலை. இறைக்கும் யந்திரம் நல்லதா என்று கேட்பதற்கு முன் ஓட்டை எவ்வளவு பெரிது என்று கேட்க வேண்டும். மேற்கு நோக்கிய கண்ணாடிச் சுவர் பெரிய ஓட்டை. அதன்மேல் இரண்டடி நிழல்தட்டு வைத்தாலே வெயிலின் ஒரு பகுதி நின்றுவிடும். மகுல் மடுவத் தச்சனுக்குத் தெரிந்ததை எண்களில் எழுதியதே கோவையின் பெரும்பகுதி.

பிறகு ஏன் விதி தாளிலேயே தங்கிவிட்டது? கட்டுபவன் ஒருவன், கட்டணம் செலுத்துபவன் வேறொருவன் என்பதில் முடிச்சு இருக்கிறது. கடைத்தொகுதி எழுப்பும் முதலாளி கண்ணாடியைப் பளபளப்புக்காகப் பதிக்கிறான். அறையை வாடகைக்கு விடுகிறான். மின்பட்டியல் வாடகைக்காரனுக்கு, வாடகைக்காரன் அதைச் சரக்கின் விலையில் ஏற்றிவிடுகிறான். கடைசியில் பணம் கொடுப்பவள் ஒரு மீற்றர் சீத்தைத் துணி வாங்க வந்த தோட்டத்துப் பெண். பொதுக் கட்டடமானால் இன்னும் எளிது: கட்டுவது ஒரு திணைக்களம், ஆண்டாண்டாகக் கட்டணம் செலுத்துவது மற்றொரு திணைக்களம், பணம் இருவருடையதும் அன்று. வரைபடத்தைப் பார்க்கும் அதிகாரியோ தெரு எல்லை, வாகனத் தரிப்பிடம், மண்சரிவு அபாயம் என்று பத்துக் கேள்வி கேட்க வேண்டியவர். வெப்பக் கணக்கைச் சரிபார்க்கத் தனிப் பயிற்சி வேண்டும்; அந்தப் பயிற்சி பெற்றவரை எல்லா உள்ளூராட்சி அலுவலகத்திலும் எதிர்பார்க்க இயலாது.

கண்டிக்கு மற்றொரு விந்தையும் உண்டு. 1988-இல் யுனெசுக்கோ இந்நகரை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. அதனால் புனித நகர்ப் பகுதியில் உயரத்துக்கும் தோற்றத்துக்கும் கட்டுப்பாடு வந்தது, நல்லதே. ஆனால் மரபு என்பது கண்ணுக்குத் தெரியும் விளிம்பு மட்டும் என்று சிலர் பொருள்கொண்டுவிட்டனர். கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கட்டி, அதன் நெற்றியில் கண்டிய ஓட்டுச் சாய்வை ஒட்டிவிட்டால் மரபு காத்ததாகக் கணக்கு! அந்த ஓட்டு எந்த நிழலையும் தருவதில்லை. நாக்சு காலத்தில் ஓடு பதவியின் அடையாளமாக இருந்தது. இப்போதும் அப்படியே ஆகிவிட்டதோ என்று ஐயுறுகிறேன்.

அயல்நாடுகள் என்ன செய்கின்றன? இந்தியா 2007-இல் இத்தகைய கோவையை வெளியிட்டது. நியூயோர்க்கு நகரம் 2019-இல் இயற்றிய 97-ஆம் இலக்க உள்ளூர்ச் சட்டம் வேறொரு துணிவைக் காட்டியது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள், அவை எந்த ஆண்டில் கட்டப்பட்டிருந்தாலும், 2024 முதல் குறித்த அளவுக்கு மேல் கரிவாயு வெளியிடலாகாது. மீறினால் மிகையாகும் ஒவ்வொரு தொன்னுக்கும் 268 டொலர் தண்டம். வரைபடத்தில் என்ன எழுதியிருந்தாய் என்று அச்சட்டம் கேட்கவில்லை; சென்ற ஆண்டு எவ்வளவு எரித்தாய் என்று கேட்கிறது. செல்வம் கொழிக்கும் அந்நகரத்தில் கூட உடைமையாளர் கூட்டம் நீதிமன்றம் வரை சென்று எதிர்த்தது. நம்மிடம் அத்தனை பெரிய சட்டம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆண்டு மின்பட்டியலைத் தளப்பரப்பால் வகுத்து வரும் எண்ணை ஒவ்வொரு பெருங் கட்டடத்தின் வாசலிலும் எழுதி வைக்கச் செய்தாலே போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய வகுத்தல் கணக்கு.

எங்கள் பாடசாலையில் அந்தக் கணக்கைச் செய்தோம். புதுக் கட்டடம் சதுர மீற்றருக்குச் செலவிட்ட மின்சாரம், பழைய வகுப்பறைத் தொகுதி செலவிட்டதைப் போல் ஆறு மடங்கு. அதைத் தாளில் எழுதி ஒட்டியதும் அபிவிருத்திச் சங்கத்தில் பெரிய வாக்குவாதம். "கண்ணாடி போட்டது பிள்ளைகளுக்குக் கௌரவம்" என்றார் ஒரு தந்தை. தோட்டத்து லயனிலிருந்து பிள்ளையை அனுப்பும் தந்தை அவர். யன்னலில்லாத காம்பராவில் வளர்ந்தவர். அவர் சொன்னதை என்னால் எள்ளி நகையாட முடியவில்லை. கண்ணாடி அவருக்கு ஒளியாகத் தோன்றியிருக்கிறது.

பழைய மண்டபத்தை இடிக்கும் தீர்மானம் கைவிடப்பட்டது. புதுக் கட்டடத்தின் மேற்குச் சுவரில் மாடிக்கு எட்டுக் கண்ணாடிகளைக் கழற்றித் திறக்கும் யன்னலாக்கி, மேலே இரண்டடி நிழல்தட்டு வைப்பதென முடிவாயிற்று. ஊர் மேசன் மதிப்பீடும் கொடுத்துவிட்டார். ஓராண்டு மின்கட்டணத்தில் பாதிக்கும் குறைவு. கட்டி முடித்துச் சான்றிதழ் பெற்ற கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்ற மறுபடியும் வரைபடம் காட்டி அனுமதி பெற வேண்டுமாம். உரிய அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அடுத்த வாரம் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.